தகட்டில் வைத்த கை

எங்கள் ஊருக்கு ஆட்கள் தொலைபேசிக் கம்பி வழியாக வருகிறார்கள். சாலை இருக்கிறது, ஆனால் அது உப்பளத்தோடு நின்றுவிடுகிறது, அதற்கு மேல் வர அதற்கு விருப்பமில்லை. ரயில் பாதை போட அளக்க வந்தவர்கள் அளந்துகொண்டே திரும்பிப் போய்விட்டார்கள். ஆகவே கம்பி. கம்பியின் இந்த முனையில் ஒரு மோடம் இருக்கிறது. அதற்கு உரிய ஆணைகளைக் கொடுத்து, உரிய நிலையில் வைத்திருப்பது என் வேலை.

ஊரில் பாதிப் பேர் அதை 'மோட்டம்' என்பார்கள். பல முறை திருத்தியிருக்கிறேன். இப்போது என் முன்னால் மட்டும் சரியாகச் சொல்கிறார்கள்.

ஒரு கம்பியில் ஒரு நேரத்தில் ஒரு துளிதான் வர முடியும். எனவே ஆள் மொத்தமாக வருவதில்லை, வரிசையாக வருகிறார். முதலில் கால்கள், பிறகு இடுப்பு, வயிறு, மார்பு, வலது கை, இடது கை, கழுத்து, கடைசியில் தலை. தொடக்கத்தில் தலையை முதலில் அனுப்பிப் பார்த்தார்கள். வந்த தலைகள் உடனே கேள்வி கேட்டன. என் மிச்சம் எங்கே, எப்போது வரும், நீ யார், உன் மேலதிகாரி யார். பதில் சொல்லிக்கொண்டே ஆணைகளைத் தட்டச்சு செய்வது சிரமமாக இருந்ததால் வரிசை திருப்பப்பட்டது.

வருகிறவருக்கு உறவான ஒருவர், மோடத்தின் பக்கத்தில் பதித்திருக்கும் பித்தளைத் தகட்டில் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். வாங்கிக்கொள்ள நாங்கள் இருக்கிறோம் என்று அதற்குப் பொருள். கை இருக்கும் வரை மோடம் கம்பியைப் பிடித்திருக்கும். கை எடுபட்டால், ஆள் இல்லை என்று முடிவு செய்து தொடர்பை அறுத்துவிடும். கொசு கடித்தது, மூக்கு அரித்தது போன்ற விளக்கங்களை அது கேட்பதில்லை. உறவில்லாத கையைத் தகடு ஏற்காது, அதற்கு மேலே இருக்கும் விளக்கு எரியாது. சில வீடுகளில், அப்பா என்று சொல்லிக்கொண்டு வந்து கை வைத்தவருக்கு விளக்கு எரியாமல், அதனால் பெரிய சண்டைகள் நடந்திருக்கின்றன. அது என் துறை அல்ல.

தலை வந்து சேர்ந்ததும் மோடம் அதைச் சொல்லும், அந்தப் பக்கத்திலிருந்து பதிலுக்கு ஒரு சிறிய மணியோசை வரும். விளக்கு அணையும். அப்போது கையை எடுக்கலாம். அதற்கு முன்னால் எடுத்தால், வந்தது வந்தது. வராதது கம்பியிலேயே தங்கிவிடும். அப்படிச் சிலர் தங்கியிருக்கிறார்கள். காற்றடிக்கும் நாட்களில் பள்ளிக்கூடத்துக்கும் மாதா கோயிலுக்கும் நடுவில் உள்ள கம்பி தெளிவான குரலில் முகவரி கேட்கும். அந்தக் கம்பியில் காக்கை உட்காராது.

கம்பியில் வரும் துளிகள் முதலில் ஒரு தொட்டியில் விழும். அங்கிருந்து பொருத்தும் எந்திரம் அவற்றை எடுத்து, ஒன்றோடொன்று சேர்த்து, நாற்காலியில் உட்கார வைக்கும். எந்திரம் நிதானமானது, கம்பி அவசரமானது. தொட்டி நிறைந்தால் வழியும். வழிந்தது தரையில் ஓடினால் அள்ள முடியாது என்பதை அள்ளிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். ஆகவே தொட்டி நிறைவதற்கு முன் அந்தப் பக்கத்துக்கு 'நில்' என்று சொல்ல வேண்டும். காலியானதும் 'வா' என்று சொல்ல வேண்டும். மோடத்தின் வேலையில் பெரும்பகுதி இந்த இரண்டு சொற்கள்தான். நன்றாக யோசித்தால், பெரும்பாலான வேலைகள் இப்படித்தான்.

முன்பு இந்த இரண்டையும் சொல்வதற்கென்று தனிக் கம்பி ஒன்று இருந்தது. மாதா சிலை இருக்கும் குகைக்கு, கெபிக்கு, சர விளக்கு போட வேண்டும் என்று ஊரார் அதைக் கழற்றிக்கொண்டு போனார்கள். திருடவில்லை, கேட்டுத்தான் எடுத்தார்கள். திருவிழா முடிந்த பிறகும் விளக்கு அங்கேயே எரிகிறது. மாதாவிடம் போய்த் திருப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே இப்போது ஆட்கள் வரும் அதே கம்பியில்தான் 'நில்', 'வா' என்ற சைகைகளும் போய் வருகின்றன. 'நில்' என்பது முன்னால் நீட்டிய உள்ளங்கை. 'வா' என்பது காற்றை வாரி அழைக்கும் கை. பயணி தன் போக்கில் கையை அப்படி வைத்துக்கொண்டு வந்தால் மோடம் அதையும் சைகையாகத்தான் எடுத்துக்கொள்ளும். பிரித்தறிய அதற்குத் தெரியாது. அதற்காக நகரத்தில், அனுப்பும் முனையில், பயணிகளின் கைகளை வெள்ளைத் துணியால் உடம்போடு சேர்த்துக் கட்டி அனுப்புவார்கள். இந்த வழக்கத்தால் இதுவரை பெரிய சேதம் எதுவும் இல்லை. இன்னொரு வழக்கமும் உண்டு: அந்தப் பக்கத்துக்கு நம்மிடமிருந்து பதில் கேட்கவில்லை என்றால் அனுப்பியதையே மறுபடியும் அனுப்பும். அப்படித்தான் தபால்காரர் லூர்துவுக்கு இரண்டு தொப்புள். சட்டை போட்டால் தெரியாது.

என் மனைவி அமலோற்பவம் நகரத்தில் போக்குவரத்துக் காவலர். நான்கு சாலைகள் கூடும் இடத்தில் நாள் முழுவதும் நின்று, வலது கையால் நிறுத்தி, இடது கையால் அழைத்துக்கொண்டிருந்தவள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அங்கே, நான் இங்கே. விடுப்பில் நான்தான் போய்ப் பார்ப்பேன். போகும்போது இன்னும் பழைய வரிசைதான், கம்பியில் தலையை முதலில் அனுப்புவார்கள், அது வேறு சிரமம். ஒரு வழியாக எங்கள் ஊருக்கே மாற்றல் கிடைத்தது. எங்கள் ஊரில் வாகனம் கிடையாது. அது மாற்றல் உத்தரவு கொடுத்தவர்களின் கவலை.

அவள் வந்த அன்று மதியம் தகட்டில் கை வைக்க வேண்டியவனும் நானே, மோடத்தைப் பார்க்க வேண்டியவனும் நானே. இரண்டு வேலைகளையும் ஒருவனே செய்யக்கூடாது என்று விதி ஏதும் இல்லை. விதி எழுதியவர்களுக்கு அப்படி ஒருவன் இருப்பான் என்று தோன்றியிருக்காது. வலது கையைத் தகட்டில் வைத்தேன். விளக்கு எரிந்தது. அதைப் பார்த்து எனக்கு ஒரு சின்ன நிம்மதி வந்ததை மறைக்க வேண்டியதில்லை.

அறையில் சூசையா மாமாவும் இருந்தார். எனக்கு உறவில்லை, அவளுக்கும் உறவில்லை; ஊரே அவரை மாமா என்றுதான் கூப்பிடும். அவர் மகளுக்கு அன்று மாலை கல்யாணம். அமலோற்பவத்துக்கு அடுத்து மாப்பிள்ளை வர வேண்டும். கோயில் பக்கத்தில் பந்தல் போட்டு, வாடகை நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிட்டு, மாமா நேராக இங்கே வந்திருந்தார்.

"என்ன தம்பி, லைன் எப்ப காலியாகும்?"

"வந்துக்கிட்டிருக்கா மாமா."

"இன்னும் முழங்காலே வரலியே. நம்ம மாப்பிள்ளை அங்க கோட்டு சூட்டெல்லாம் மாட்டிட்டு நிக்காரு. வேர்த்து ஊத்திட்டு வந்தார்னா போட்டோவுல நல்லாவா இருக்கும்?"

முதலில் பூட்ஸ்கள் வந்தன. பளபளப்பானவை. இடது பூட்ஸின் கயிற்றை அவள் எப்போதும் கணுக்காலைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றித்தான் முடிச்சுப் போடுவாள். பிறகு கால்கள், காக்கிக் கால்சட்டை, இடுப்பு. இடுப்பில் பெல்ட்டு. பெல்ட்டின் பித்தளைக் கொக்கியில் அரசாங்க முத்திரை இருந்தது. பொருத்தும் எந்திரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்தப் பக்கம் மேல் என்று யோசித்துக்கொண்டு தாமதித்தது. தொட்டி ஏறத் தொடங்கியது. விளிம்பை நெருங்கும்போது மோடம், முறைப்படி, அந்தப் பக்கத்துக்கு 'நில்' சொன்னது. அந்தப் பக்கம் நின்றது. ஏற்கெனவே கிளம்பிவிட்டவை மட்டும் வந்து விழுந்தன. மார்பு வந்தது. பிறகு வலது கை வந்தது.

வலது கை கட்டப்படவில்லை. உள்ளங்கை முன்னால் பார்த்து, நன்றாக நிமிர்ந்து நின்றது.

அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

நடந்ததைச் சொல்வது எளிது. வலது கையைப் பார்த்த எங்கள் மோடம், அந்தப் பக்கம் தன்னை 'நில்' என்கிறது என்று எடுத்துக்கொண்டு பேச்சை நிறுத்தியது. எந்திரம் கொக்கியை மாட்டி முடித்து, தொட்டி காலியானது. இப்போது மோடம் 'வா' சொல்ல வேண்டும். ஆனால் அது நிறுத்தப்பட்டிருக்கிறது. அதற்கு யாராவது 'வா' சொன்னால்தான் அது 'வா' சொல்லும். அந்த 'வா' அமலோற்பவத்தின் இடது கையில் இருந்தது. இடது கை அந்தப் பக்கம் இருந்தது. அந்தப் பக்கம், நாங்கள் 'வா' சொல்வதற்காக, மரியாதையாகக் காத்திருந்தது.

நாற்காலியில் என் மனைவி தோள் வரை உட்கார்ந்திருந்தாள். மூச்சு ஏறி இறங்கியது. தோளுக்கு மேலே, சன்னலுக்கு வெளியே இருந்த வேப்பமரம் தெரிந்தது.

"நின்னு போச்சா?" என்றார் சூசையா மாமா.

"நின்னு போச்சு."

"யாரு நிப்பாட்டினா?"

"அவளேதான்."

"டூட்டில இருக்காளோ? அங்க கையக் கட்டலியா?"

"போலீஸ்காரி கையை யாரு மாமா கட்டுவா?"

"அதுவுஞ் சரிதான்" என்றார். அனுப்பும் முனையில் துணியோடு நின்றவர் எப்படிப் பின்வாங்கியிருப்பார் என்பது எங்கள் இருவர் கண்ணுக்கும் தெரிந்தது. அவர் இடத்தில் நாங்கள் இருந்தாலும் துணியை மடித்து வைத்திருப்போம்.

அந்தப் பக்கத்தோடு பேச வேறு கம்பி இல்லை. இருக்கும் ஒரே கம்பியில் அவள் இருந்தாள்.

மோடத்துக்குள் ஒரு மௌனக் கடிகாரம் உண்டு. கம்பியில் குறிப்பிட்ட நேரம் எதுவும் அசையாமல் இருந்தால், எல்லோரும் போய்விட்டார்கள் என்று முடிவு செய்து, தகட்டில் கை இருந்தாலும் அறுத்துவிடும். அது எவ்வளவு நேரம் என்று மோடத்தைக் கேட்டால் சொல்லும். ஆனால் கேட்பதற்கு அது ஆணை வாங்கும் நிலையில் இருக்க வேண்டும். ஆளை வாங்கும் நிலையில் இருக்கும்போது நான் எதை அடித்தாலும் அது எனக்குச் செவிகொடுக்காது. கடிகாரத்துக்கு முகமும் கிடையாது, முள்ளும் கிடையாது. ஓடுகிறது என்பது மட்டும் தெரியும்.

என் உள்ளங்கை வியர்த்தது. தகடு வழுக்கத் தொடங்கியது. விரல்களை அகட்டி அழுத்தினேன்.

"தம்பி, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத" என்றார் மாமா. "முக்காவாசி வந்துட்டா. நடக்கக் கால் இருக்கு, ஒரு கை இருக்கு. மிச்சத்த வச்சு என்ன பண்ணப் போற? நம்ம பெரிய வாத்தியாரு தலையில்லாம ரிட்டயராகுற வரைக்கும் பாடம் நடத்தலியா?"

"அவர் கிளம்பும்போதே அப்படித்தான் மாமா."

"இருந்தாலும் நடத்துனாருல்ல?"

"மாமா, உங்க மாப்பிள்ளை பாதியில நின்னா கையை எடுக்கச் சொல்வீங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "எந்தப் பாதி?" என்றார்.

அப்போது வெளியே கம்பி பேசியது. அன்று காற்று இல்லை. வேப்பிலை ஒன்றுகூட அசையவில்லை. ஆனாலும் கம்பி பேசியது, முகவரி கேட்கவில்லை. பேருந்தில் பேசுகிற குரலில், பல பேர் ஒரே நேரத்தில், "நகந்து உக்காருங்க, நகந்து உக்காருங்க, ஒரு ஆள் வருது" என்றார்கள். அவர்கள் நகரும் சத்தமும் கேட்டது. அவளுக்கு இடம் செய்துகொண்டிருந்தார்கள்.

சூசையா மாமா எழுந்து சன்னலைச் சாத்தினார். சாத்திய பிறகும் கேட்டது.

தொடர்பை அறுக்காமல் மோடத்தை ஆணை வாங்கும் நிலைக்குக் கொண்டுவர ஒரு வழி உண்டு. முதலில் அமைதி. பிறகு மூன்று கூட்டல் குறிகள். மறுபடியும் அமைதி. அமைதி என்றால் விசைப்பலகையில் மட்டுமல்ல, அறை முழுவதும். நடுவில் சின்னச் சத்தம் கேட்டாலும் மோடம் அதைப் பயணத்தின் பகுதியாக எடுத்துக்கொண்டு குறிகளைப் புறக்கணித்துவிடும். இந்த அமைதியை மௌனக் கடிகாரமும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். எனவே காப்பாற்றுவதும் அமைதிதான், அறுப்பதும் அமைதிதான். இதைப் பற்றி வேறொரு நாளாக இருந்தால் நான் விரிவாகப் பேசியிருப்பேன்.

"மாமா, கொஞ்ச நேரம் மூச்சு விடுற சத்தம்கூடக் கேக்கக் கூடாது."

"நான் பேசவே இல்லையே. அந்தா, அது யாரு?"

அது அமலோற்பவம். காத்திருக்க வைத்தால் பூட்ஸ் நுனியால் தரையைத் தட்டுவது அவள் வழக்கம். டக், டக், டக் என்று சீராகத் தட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்து என்று சொல்வதற்கு அவளுக்குக் காது வரவில்லை. என் வலது கை தகட்டில். இடது கை விசைப்பலகையில். அறையில் மிச்சமிருந்தது மாமாவின் கைகள்.

"மாமா, அவ காலைக் கொஞ்சம் பிடிங்க."

"ஏ, என்ன பேசுத? நான் எவ்வளவு பெரிய ஆளு. பொண்ணுக்கு இன்னைக்குக் கல்யாணம் வச்சிருக்கேன்."

"அவ வந்தாத்தான் மாப்பிள்ளை வருவாரு."

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாமா தரையில் உட்கார்ந்தார். "போலீஸ்காரி கால்ல விழ வச்சிட்டியேடா" என்று முனகிவிட்டு, இரண்டு பூட்ஸ்களையும் மார்போடு அணைத்துப் பிடித்தார். பூட்ஸ்கள் ஒரு முறை துள்ளின. பிறகு என்ன நினைத்தனவோ, அடங்கின.

அமைதியானது. வெளியே கம்பியும் அமைதியானது. அவர்களும் கேட்க விரும்பினார்கள் என்று நினைக்கிறேன். அந்த அமைதிக்குள் கடிகாரம் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. இடது கையால் கூட்டல் குறியை மூன்று முறை அழுத்தினேன். காத்திருந்தேன். இப்போது அறுத்தால் எந்த ஓசை கேட்கும் என்று எனக்குத் தெரியும். சின்னதாக ஒரு 'க்ளிக்'. அந்த ஓசைக்காக என் காது தானாகவே கூர்ந்திருந்தது. அதை அடக்க முடியவில்லை.

திரையில் 'ஓகே' என்று வந்தது.

மோடத்துக்கு எந்த ஆணை இடுவதாக இருந்தாலும் முதலில் 'ஏ.டி' என்று அடிக்க வேண்டும். கவனி என்று பொருள். எங்கள் பக்கத்தில் மனைவியை அப்படிக் கூப்பிட்டால் இவ்வளவு விரைவாக 'ஓகே' வராது. 'ஏ.டி, அண்ட் கே, ஜீரோ' என்று அடித்தேன். இனி 'நில்', 'வா' எதையும் பொருட்படுத்தாதே, நீயாகவும் எதுவும் சொல்லாதே என்று அர்த்தம். மோடம் ஒப்புக்கொண்டது. மௌனக் கடிகாரத்தையும் அணைத்தேன். அணைப்பதற்கு முன் எவ்வளவு மிச்சம் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அடுத்து 'ஏ.டி, ஓ'. அதை அடித்தால் மோடம் மறுபடியும் பயணத்துக்குத் திரும்பும். அங்கிருந்து நானே என் கையால் ஒரே ஒரு 'வா' அனுப்பினால், மிச்சமிருக்கும் இடது கையும் கழுத்தும் தலையும் கிளம்பிவிடும். ஆனால் இப்போது நிறுத்த யாரும் இல்லை. தொட்டி நிறைந்தால் சொல்வதற்கு ஆள் இல்லை. இடது கைக்குத் தொட்டி போதும். தலைக்குப் போதாது. தலை என்பது வெளியிலிருந்து பார்ப்பதைவிட அதிகம்.

என் விரல் அந்த ஆணையின் மேலேயே நின்றது. தலையின் எந்தப் பகுதி வழிந்து ஓடும், எது தொட்டியில் தங்கும் என்று மனம் பட்டியல் போடத் தொடங்கியது. அவளுடைய கண்கள் தரையில் ஓடி, மாமாவின் வேட்டியை நனைத்து, வாசற்படிக்கு வெளியே போவது வரை பார்த்தேன்.

அப்போதுதான் அவள் வலது கையைக் கவனித்தேன். எந்திரம் தொட்டியைத் துடைத்தபோது அதன் விளிம்பு உரசியதால், தட்டிவிட்டது போல அந்தக் கை லேசாக இறங்கி ஏறியது. அவள் கை இங்கே இருக்கிறது. அவள் அங்கே இருக்கிறாள். ஆனாலும் கை ஏறுவதும் இறங்குவதும் அவளுக்குத் தெரியாமல் இருக்காது. தன் வலது கை உயர்ந்தால் நிற்க வேண்டும் என்பது வேறு யாரைக் காட்டிலும் அவளுக்கு நன்றாகத் தெரியும். கெபியில் விளக்காகத் தொங்கிக்கொண்டிருக்கும் தனிக் கம்பிக்குப் பதிலாக ஒன்று, அவளுக்குள் இருந்தது.

'ஏ.டி, ஓ' அடித்தேன். 'வா' அனுப்பினேன். விசைப்பலகையை விட்டு, இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்து, மெல்லக் கீழே இறக்கினேன்.

இடது கை வந்தது. காற்றை வாரி வாரி அழைத்தபடியே வந்தது. மோடம் அதைச் சட்டை செய்யவில்லை. கழுத்து வந்தது. தொட்டி ஏறியது. மணிக்கட்டை உயர்த்தினேன். கம்பி நின்றது. அவள் நின்றாள். எந்திரம் எடுத்து முடித்ததும் இறக்கினேன். மோவாய் வந்தது. உயர்த்தினேன். இறக்கினேன். உதடுகள் வந்தன. உயர்த்தினேன்.

உதடுகள் அசைந்தன.

"யாரு கையப் பிடிச்சிருக்கிறது?"

மேலே ஒன்றும் இல்லை. உதடுகளுக்கு மேல் வேப்பமரம்தான் இருந்தது. கண் வரவில்லை, காது வரவில்லை.

"நாந்தான்" என்றேன். கேட்காது என்று தெரிந்துதான் சொன்னேன்.

"கைய விடு. யாருடா அது? காலப் பிடிச்சிருக்கிறது யாரு?"

பூட்ஸ்கள் மாமாவை உதைத்தன. மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடியை விடாமல் இருந்தார். அவள் வலது கையை என் பிடியிலிருந்து பிடுங்கிக்கொள்ள முயன்றாள். பலமாக இழுத்தாள். கை உயர்ந்தால் நிற்பாள், தாழ்ந்தால் வருவாள். திமிறினால் என்ன நடக்கும் என்று எந்தக் கையேட்டிலும் இல்லை. தொட்டி நடுங்கியது. ஒரு துளி விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்தது. அது என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவளுக்கும் தெரியவில்லை. எதையோ மறந்திருக்கிறாள், எதை என்று சொல்ல முடியவில்லை.

அவள் இடது கை என்னைத் தேடி வந்து என் வலது தோளைப் பிடித்து, தகட்டிலிருந்து தள்ளத் தொடங்கியது. அவளுக்கு நான் ஒரு அந்நியன். போலீஸ்காரி. தள்ளத் தெரியும். என் உள்ளங்கை வியர்வையில் ஓர் ஓரமாக நழுவியது. விளக்கு ஒரு முறை மங்கிச் சிமிட்டியது. வெளியே கம்பியில் மறுபடியும் நகர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது.

எனக்கு வேறு கை இல்லை. குனிந்து, அவள் வலது உள்ளங்கையில் என் மோவாயை வைத்து அழுத்தினேன்.

அவள் அசைவு நின்றது. விரல்கள் மடங்கி என் தாடையைத் தடவிப் பார்த்தன. ஒரு பக்கம், மறு பக்கம்.

"இன்னைக்காவது ஷேவ் பண்ணியிருக்கக் கூடாதா?" என்றன உதடுகள்.

அவள் என் தோளை விட்டாள். மாமாவையும் விட்டுவிட்டாள், பூட்ஸ் ஒன்று மட்டும் சும்மா ஒரு தரம் தட்டியது. மோவாயை எடுக்காமலே மணிக்கட்டை இறக்கினேன், உயர்த்தினேன், இறக்கினேன். மூக்கு வந்தது. கன்னங்கள் வந்தன. இரண்டு காதுகளும் சேர்ந்து வந்தன. கண்கள் மூடியபடி வந்து, பொருத்தப்பட்டதும் திறந்து, நேராக என்னைப் பார்த்தன. அதைப் பார்க்க எனக்கு இன்னும் பயமாகத்தான் இருந்தது. கடைசியாகத் தொப்பி வந்தது.

"எவ்வளவு நேரம்" என்றாள். பிறகு காலடியில் குனிந்து பார்த்து, "வணக்கம் மாமா" என்றாள்.

மாமா பூட்ஸ்களை விட்டு எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டார். "நல்லாருக்கியாம்மா? உதைக்கிறதுக்குன்னே ஒரு தனிப் பயிற்சி கொடுப்பாங்களோ?"

"அடிப்படைப் பயிற்சியிலேயே உண்டு மாமா."

அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள், தொப்பியைச் சரிசெய்தாள், எழுந்து நின்று பார்த்தாள். எல்லாம் இருந்தது. என் பக்கம் வந்து தகட்டைப் பார்த்தாள்.

"அதான் வந்துட்டேன்ல. கையை எடுங்க. வெளுத்துப் போச்சு பாருங்க."

நான் எடுக்கவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மணியோசை வரவில்லை.

"இன்னும் வரணுமா?" என்றார் மாமா. "எல்லாம் வந்துட்டே. தொப்பிகூட வந்துட்டு."

"எதுவும் சொல்லாதேன்னு மோடத்துகிட்ட நான்தான் சொல்லிட்டேன்" என்றேன். "வந்து சேந்துட்டாங்கிறதையும் அது சொல்லியிருக்காது."

மூவரும் தொட்டியைப் பார்த்தோம். தொட்டியில் பளபளப்பாக ஏதோ விழுந்தது. எந்திரம் அதை எடுத்து நாற்காலியின் முன்னால் வைத்தது. ஒரு பூட்ஸ். இடது பூட்ஸ். பிறகு வலது பூட்ஸ்.

அமலோற்பவம் குனிந்து பார்த்தாள். "என்னோடதுதான்" என்றாள். "இடது கால்ல கயிறு ஒரு சுத்துச் சுத்தியிருக்கு. நான்தான் அப்படிக் கட்டுவேன்."

"அங்க பதில் கேக்குற வரைக்கும் மறுபடி மறுபடி அனுப்புவாங்க" என்றேன்.

"அனுப்பத்தான் செய்வாங்க" என்றாள்.

"அப்ப என் மாப்பிள்ளை?" என்றார் மாமா.

"அடுத்தது அவர்தான் மாமா. வரிசையில நிக்கிறாரு" என்றேன்.

கால்சட்டை வந்தது. இந்த முறை எந்திரத்துக்குக் கொக்கி பழகியிருந்தது, தாமதிக்கவில்லை. என் கையில் உணர்ச்சி போயிருந்தது, தகட்டில் இருப்பது என் கைதானா என்று கண்ணால் பார்த்தே உறுதிசெய்ய வேண்டியிருந்தது. அமலோற்பவம் அதைப் பார்த்தாள். நான் கேட்காமலேயே, என் கைக்குப் பக்கத்தில் தகட்டின் மேல் தன் வலது உள்ளங்கையை வைத்தாள். விளக்கு சிமிட்டாமல், முன்பைவிடப் பிரகாசமாக எரிந்தது. வருகிறவளுக்கு அவளைவிட நெருங்கிய உறவு யார் இருக்க முடியும்?

நான் கையை எடுத்தேன். எதுவும் அறுபடவில்லை.

அவள் வலது கை தகட்டில் இருந்ததால், நிறுத்துவதற்கு அவளிடம் கை இல்லை. இடது கை சும்மா இருக்கவில்லை. பழக்கத்தில், தொட்டியின் பக்கம் திரும்பி, காற்றை வாரி வாரி அழைக்கத் தொடங்கியது.

"நாற்காலி வேணுமே" என்றேன்.

"எத்தனை?" என்று கேட்டார் சூசையா மாமா.

நான் அவள் இடது கையைப் பார்த்தேன். பந்தலில் கிடப்பதை எல்லாம் எடுத்துவரச் சொன்னேன். மாமா வேட்டியைத் தழைத்துவிட்டுக்கொண்டு, ஆட்களைக் கூப்பிடப் போனார்.